சின்னப் பெட்டி, பெரிய சங்கீதம்!

ஸ்பீக்கர் கடைக்குள் நுழைந்தால் தலை சுற்றும்.

சுவர் முழுக்கப் பெட்டிகள். ஆள் உயரப் பெட்டி ஒரு பக்கம். கைக்கு அடக்கமான பெட்டி மறு பக்கம். ஒன்றின் மேல் "1000 வாட்" என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அடுத்ததில் "50 வாட்" என்றுதான் இருக்கிறது. ஆனால் அதற்குத்தான் விலை அதிகம்!

இது என்ன கணக்கு?

கடைக்காரர் சிரித்துக்கொண்டே பொத்தானைத் திருகுகிறார். தரை அதிர்கிறது. குழந்தைகள் கை தட்டுகிறார்கள். அப்பா பணத்தை எண்ணிக் கொடுக்கிறார். பெட்டி வீட்டுக்கு வருகிறது.

ஒரு வாரம் போகிறது. பாட்டு இரைச்சலாக இருக்கிறது. சொல் புரியவில்லை. "அதைக் கொஞ்சம் நிறுத்துங்களேன், தலை வலிக்கிறது" என்கிறார் பாட்டி. பெட்டியின் மேல் ஒரு துணியைப் போர்த்துகிறார்கள். துணியின் மேல் பூ ஜாடி ஏறுகிறது.

பல வீடுகளில் நடக்கும் கதை இது. சீட்டுப் பணமோ, போனஸ் பணமோ, பார்த்துப் பார்த்துச் சேர்த்த காசு பூ ஜாடிக்கு மேடையாகிவிடுகிறது.

நல்ல ஒலி வேண்டுமானால் லட்சம் லட்சமாய்க் கொட்ட வேண்டுமா? வேண்டாம். பெரிய பெட்டி வேண்டுமா? அதுவும் வேண்டாம். புத்தக அலமாரியில் வைக்கக்கூடிய ஒரு ஜோடி சின்னப் பெட்டி போதும். "புக் ஷெல்ஃப் ஸ்பீக்கர்" என்று இவற்றைச் சொல்கிறார்கள். சிறிய ஹாலுக்கும் படுக்கை அறைக்கும் இது தாராளம்.

ஆனால் அதைக் காதால் பார்த்து வாங்க வேண்டும். கண்ணால் பார்த்து வாங்கினால் பூ ஜாடிதான்!

பெட்டிக்குள் என்ன?

ஸ்பீக்கர் ஒன்றும் மாயப் பெட்டி அல்ல. உள்ளே ஒரு காந்தம். காந்தத்தின் இடுக்கில் மெல்லிய கம்பிச் சுருள். சுருளோடு ஒட்டியபடி ஒரு கூம்பு. காகிதத்தில் செய்த கூம்பாக இருக்கலாம், பிளாஸ்டிக்காகவும் இருக்கலாம்.

சுருளில் மின்சாரம் பாய்ந்தால் சுருள் முன்னும் பின்னும் ஆடும். கூம்பும் கூடவே ஆடும். கூம்பு காற்றைத் தள்ளும், இழுக்கும். அந்தக் காற்றின் அலைதான் காதில் பாட்டாக விழுகிறது.

இந்த முறையை வீட்டு ரேடியோவுக்கு ஏற்றபடி உருவாக்கியவர்கள் இருவர். செஸ்டர் ரைஸ், எட்வர்டு கெல்லாக் என்று பெயர். அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். 1925-ல் தங்கள் கருவியைப் பற்றி எழுதினார்கள். அடுத்த ஆண்டு அது கடைக்கு வந்தது. விலை 200 டாலருக்கு மேல்! ஃபோர்டு மோட்டார் கார் ஒன்று 300 டாலரை ஒட்டிய விலைக்குக் கிடைத்த காலம் அது. பாட்டுக் கேட்பதா, காரில் போவதா என்று யோசிக்க வேண்டிய நிலை!

நூறு ஆண்டுகள் ஓடிவிட்டன. காந்தம், சுருள், கூம்பு—மூன்றும் மாறவில்லை. விலைதான் இறங்கிவிட்டது.

இன்றைய சின்னப் பெட்டியில் பெரும்பாலும் இரண்டு வாய் இருக்கும். கீழே பெரியது. அதற்கு ஊஃபர் என்று பெயர். ஆணின் குரல், தவில், மிருதங்கத்தின் தொப்பி, இப்படிக் கனத்த ஒலிகளை அது தரும். மேலே சின்னதாக, பொத்தான் மாதிரி இருப்பது ட்வீட்டர். ஜால்ரா, சலங்கை, புல்லாங்குழலின் மேல் ஸ்தாயி, "ஸ்" என்ற எழுத்தின் கூர்மை, இவை அதன் வேலை. எந்த ஒலி எந்த வாய்க்குப் போக வேண்டும் என்று பிரித்து அனுப்ப உள்ளே ஒரு சிறு மின்சுற்று உண்டு.

"கைபேசியிலேயே பாட்டுக் கேட்கலாமே?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். கேட்கலாம். ஆனால் அதன் ஸ்பீக்கர் நகக்கண் அளவுதான். கனத்த ஒலிக்கு நிறையக் காற்றைத் தள்ள வேண்டும். நகக்கண் எவ்வளவு காற்றைத் தள்ளும்? அதனால்தான் கைபேசியில் மிருதங்கம் தகர டப்பாவாகக் கேட்கிறது.

மெத்தைத் துணி செய்த அற்புதம்

அந்தக் காலத்தில் நல்ல ஸ்பீக்கர் என்றால் பீரோ அளவு இருக்கும். கனத்த ஒலி வேண்டுமானால் பெரிய பெட்டி வேண்டும் என்பதே எல்லோருடைய நம்பிக்கை. சின்ன வீட்டில் இருப்பவர்களுக்கு நல்ல சங்கீதம் கிடையாது என்றுதான் அதற்கு அர்த்தம்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் எட்கர் வில்ச்சர்.

இவர் அமெரிக்கர். 1917-ல் பிறந்தவர். இரண்டாவது உலகப் போரின்போது ராணுவத்தில் ரேடியோ சாதனங்களைக் கவனித்துக்கொண்டவர். போருக்குப் பின் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் ஒலியைப் பற்றிப் பாடம் நடத்தினார்.

அவருக்கு ஒரு சந்தேகம். ஸ்பீக்கரின் கூம்பு, போன இடத்தில் நின்றுவிடாமல் திரும்பி வர வேண்டும். அதற்காகக் கூம்பின் விளிம்பை விறைப்பான வளையம் பிடித்துக்கொண்டிருக்கும். அதுதான் ஸ்பிரிங்கு. ஆனால் கூம்பு அதிகம் ஆடும்போது அந்த வளையம் ஒழுங்காக வளைவதில்லை. முரண்டு பிடிக்கிறது. ஒலி கெடுகிறது. ஆகவே விறைப்பான வளையமே வேண்டாம் என்றால் என்ன?

சைக்கிளுக்குக் காற்று அடிக்கும் பம்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வாயை விரலால் அடைத்துக்கொண்டு கைப்பிடியை அழுத்துங்கள். விட்டதும் கைப்பிடி துள்ளி மேலே வரும். உள்ளே அடைபட்ட காற்றே ஸ்பிரிங்காக வேலை செய்கிறது.

இதைத்தான் வில்ச்சர் செய்தார். பெட்டியைக் காற்றுப் புகாமல் மூடினார். கூம்பைத் தளர்வாக விட்டார். உள்ளே இருக்கும் காற்று கூம்பைத் திருப்பித் தள்ளியது.

தளர்வான விளிம்புக்கு என்ன செய்வது? வீட்டில் மெத்தை உறை தைக்கும் துணி இருந்தது. அவர் மனைவி ரோஸ்மேரி போர்க்காலத்தில் வரைபடம் போடும் வேலை பார்த்தவர். துணியை எப்படி வெட்ட வேண்டும் என்று அவர் படம் போட்டுக் கொடுத்தார். பழைய விளிம்பை அறுத்துவிட்டு மெத்தைத் துணியை ஒட்டினார்கள்.

பெட்டி பாடியது! பீரோ அளவுப் பெட்டியில் வர வேண்டிய கனம், இரண்டடி உயரப் பெட்டியில் வந்தது.

வில்ச்சர் இதைப் பெரிய கம்பெனிகளிடம் விற்கப் பார்த்தார். ஒருவரும் வாங்கவில்லை. அவரிடம் படித்த மாணவர் ஹென்றி க்ளாஸ் கைகொடுத்தார். இருவரும் சேர்ந்து 1954-ல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் கேம்பிரிட்ஜ் நகரில் 'அகவுஸ்டிக் ரிசர்ச்' என்ற கம்பெனியைத் தொடங்கினார்கள். அதே ஆண்டு நியூயார்க் ஒலிக் கண்காட்சியில் முதல் பெட்டியை வைத்தார்கள். சில ஆண்டுகளில் 100 டாலருக்கும் குறைந்த விலையில் ஒரு பெட்டி கொண்டுவந்தார்கள்.

அவர்கள் செய்த விளம்பரமும் வேடிக்கையானது. மேடையில் நால்வர் தந்தி வாத்தியங்கள் வாசிப்பார்கள். வாசிப்பு நடுவில் நின்றுவிடும். ஆனால் கைகள் மட்டும் வில்லை அசைத்துக்கொண்டிருக்கும். ஒலி ஸ்பீக்கரிலிருந்து வரும்! எப்போது வாசிப்பு நின்றது, எப்போது ஸ்பீக்கர் தொடங்கியது என்று சபையில் பலருக்குத் தெரியவில்லை.

நியூயார்க்கின் கிராண்டு சென்ட்ரல் ரெயில் நிலையத்தில் பாட்டுக் கேட்கும் அறை ஒன்றையும் திறந்துவைத்தார்கள். யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து கேட்கலாம். அங்கே விற்பனை கிடையாது! வாங்கச் சொல்லி யாரும் வற்புறுத்தமாட்டார்கள். இப்படி ஒரு அறை ஊருக்கு ஒன்று இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

வில்ச்சர் பிற்காலத்தில் காது கேளாதவர்களுக்கான கருவியில் ஈடுபட்டார். அதில் அவர் கண்ட முறைக்குக் காப்புரிமை வாங்கவில்லை. எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார். 2011-ல் காலமானார்.

கடம் போல ஒரு ஓட்டை

இன்று கடையில் பார்க்கும் சின்னப் பெட்டிகள் பலவற்றில் ஒரு வட்ட ஓட்டை இருக்கும். முன்னால் இருக்கலாம், பின்னால் இருக்கலாம். "இது என்ன, எலி போகும் வழியா?" என்று கேட்கத் தோன்றும்.

கடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கடத்தின் வாயில் உள்ள காற்று கனமாக "கும்" என்று ஒலிக்கிறது. வித்வான் வாயை வயிற்றோடு அழுத்தினால் அந்த ஒலி மாறுகிறது. பெட்டியில் உள்ள ஓட்டையும் அதே மாதிரிதான். கூம்பின் பின்பக்கக் காற்று அந்த வழியாக வந்து கனத்த ஒலிக்குத் துணை சேர்க்கிறது.

ஓட்டை எவ்வளவு அகலம், குழாய் எவ்வளவு நீளம், பெட்டி எவ்வளவு பெரிது? இதற்குக் கணக்கு சொன்னவர் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த நெவில் தீல். 1961-ல் கட்டுரை எழுதினார். பின்னர் ரிச்சர்டு ஸ்மால் என்பவர் அதை விரிவாக்கினார். அதுவரை பெட்டி செய்வது பாதி அனுபவம், பாதி அதிர்ஷ்டம். அதன் பிறகு காகிதத்தில் கணக்குப் போட்டே பெட்டி செய்யலாம் என்றாகிவிட்டது. விலை குறைந்த பெட்டியிலும் நல்ல ஒலி கிடைப்பதற்கு இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

மூடிய பெட்டி நல்லதா, ஓட்டைப் பெட்டி நல்லதா? இரண்டிலும் நல்லது உண்டு, மட்டமானதும் உண்டு. ஆனால் ஒன்று. பின்னால் ஓட்டை உள்ள பெட்டியைச் சுவரோடு ஒட்டி வைக்கக் கூடாது. அலமாரிக்குள் நெருக்கி வைப்பதாக இருந்தால், மூடிய பெட்டியோ முன்னால் ஓட்டை உள்ள பெட்டியோ வாங்குவது நல்லது.

திரைக்குப் பின்னால் நடந்த பரீட்சை

காது ஏமாறுமா? ஏமாறும். ஏமாற்றுவது யார்? கண்!

கனடாவில் அரசு ஆராய்ச்சிக் கழகத்தில் ஃபிளாய்ட் டூல் என்ற விஞ்ஞானி இருந்தார். ஸ்பீக்கர்களைத் திரைக்குப் பின்னால் வைத்து, ஆட்களை உட்காரவைத்துப் பாட்டுப் போட்டார். எது எந்தக் கம்பெனி, என்ன விலை என்று கேட்பவருக்குத் தெரியாது. மார்க் மட்டும் போட வேண்டும்.

ஒருவருக்கு ஒன்று பிடிக்கும், இன்னொருவருக்கு வேறொன்று பிடிக்கும் என்றுதானே நினைப்போம்? அப்படி நடக்கவில்லை. பெரும்பாலோர் ஒரே மாதிரி மார்க் போட்டார்கள். கனத்த ஒலியையும் கூட்டாமல், கூரிய ஒலியையும் கூட்டாமல், உள்ளதை உள்ளபடி சொன்ன ஸ்பீக்கர்களே முன்னால் வந்தன.

பிறகு அவர் அமெரிக்காவில் ஹார்மன் என்ற ஒலிக் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே ஷான் ஆலிவ் என்பவருடன் சேர்ந்து இன்னொரு பரீட்சை நடத்தினார். 1994-ல் முடிவை வெளியிட்டார்கள். நாற்பது பேர் கேட்டார்கள். அவர்கள் அந்தக் கம்பெனி ஊழியர்கள். முதலில் கண்ணுக்குத் தெரியாமல் கேட்டார்கள். பின்னர் ஸ்பீக்கரைப் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

பார்த்தபோது என்ன ஆயிற்று? பெரிய, பளபளப்பான, விலை உயர்ந்த பெட்டிகளின் மார்க் ஏறியது. சிறிய, மலிவான பெட்டியின் மார்க் சரிந்தது. பாட்டு அதேதான்! ஸ்பீக்கரும் அதேதான்! ஒலித் தொழிலிலேயே இருந்தவர்களின் காதில் கண் பூ சுற்றிவிட்டது.

இதைக் கடையிலும் செய்து பார்க்கலாம். செலவு இல்லை. குடும்பத்தில் ஒருவர் கடைக்காரர் பக்கத்தில் நிற்கட்டும். மற்றவர்கள் திரும்பி உட்கார்ந்து கண்ணை மூடிக்கொள்ளுங்கள். ஒன்று, இரண்டு, மூன்று என்று மட்டும் சொல்லிப் பாட்டைப் போடச் சொல்லுங்கள். விலையைக் கடைசியில் கேளுங்கள்.

ஒரு முக்கியமான சங்கதி. எல்லாப் பெட்டியும் ஒரே அளவு சத்தத்தில் பாட வேண்டும். கொஞ்சம் கூடுதல் சத்தமாகப் பாடும் பெட்டிதான் நல்ல பெட்டி என்று காதுக்குத் தோன்றும். இது மனித சுபாவம். விற்க வேண்டிய பெட்டியை மட்டும் சற்று சத்தமாக வைக்கும் கடைக்காரர்களும் உண்டு. "அண்ணே, கொஞ்சம் குறைத்து இரண்டையும் சமமா வையுங்க" என்று சொல்லத் தயங்க வேண்டாம்.

வாட் மாயம்

இனி அந்த "1000 வாட்" கதை.

பெட்டியின் மேல் "பி.எம்.பி.ஓ." என்ற எழுத்துகள் இருந்தால் அந்த எண்ணைப் பார்க்கவே வேண்டாம். கண் இமைக்கும் நேரத்துக்கு எவ்வளவு சக்தி தாங்கும் என்று கம்பெனி தன் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ளும் கணக்கு அது. இந்தியாவில் 1990-களில் இந்த எண்ணை நம்பி ஏமாறாத தெருவே இல்லை எனலாம். "ஆர்.எம்.எஸ்." என்று போட்டிருந்தால் அது தொடர்ந்து கொடுக்கும் சக்தி. அதைப் பாருங்கள்.

அதிலும் 50 வாட்டா, 100 வாட்டா என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். சக்தி இரண்டு மடங்கு ஆனால் சத்தம் இரண்டு மடங்கு ஆவதில்லை. சற்றுக் கூடியது போல் தெரியும், அவ்வளவுதான். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு சக்தி வேண்டும்! சாதாரண அறையில், பேச்சுக்கு இடையூறு இல்லாமல் பாட்டுக் கேட்கும்போது ஓரிரண்டு வாட்தான் செலவாகிறது. மீதி எல்லாம் தவில் திடீரென்று வெளுத்துக் கட்டும் இடத்துக்காகச் சேமித்து வைப்பது.

வாட்டை விட உபயோகமான எண் ஒன்று உண்டு. "சென்சிட்டிவிட்டி" என்று எழுதியிருப்பார்கள். 84 டெசிபல், 87 டெசிபல் என்று இருக்கும். ஒரே அளவு மின்சாரத்துக்கு எந்தப் பெட்டி அதிகம் ஒலிக்கும் என்று அது சொல்லும். 87 கொடுக்கும் சத்தத்தை 84 கொடுக்க வேண்டுமானால் இரண்டு மடங்கு வாட் வேண்டும். ஆகவே சிறிய ஆம்ப்ளிஃபயர் வைத்திருப்பவர்கள் இந்த எண் அதிகம் உள்ள பெட்டியைப் பார்ப்பது சிக்கனம்.

"ஓம்" என்று ஓர் எண் இருக்கும். 8 அல்லது 6 என்றால் கவலை இல்லை. 4 என்றால் ஆம்ப்ளிஃபயர் அதைத் தாங்குமா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

எந்தப் பாட்டைப் போட்டுப் பார்ப்பது?

கடைக்காரர் தன் பாட்டைத்தான் போடுவார். அது அந்தப் பெட்டிக்கு ஏற்றதாகப் பொறுக்கி வைத்த பாட்டு. அதை மரியாதையாகக் கேட்டுவிட்டு, உங்கள் பாட்டைப் போடச் சொல்லுங்கள். நூறு தடவை கேட்ட பாட்டாக இருக்கட்டும்.

முதலில் குரல். பிறந்ததிலிருந்து கேட்டுப் பழகியது குரல்தான். பொய் இருந்தால் காது உடனே கண்டுபிடிக்கும். டி.எம். சவுந்தரராஜன், பி. சுசீலா குரல்கள் எந்த வீட்டுக்குத் தெரியாது? டி.எம்.எஸ். பாடும்போது பானைக்குள் தலையை விட்டுப் பாடுவது போல இருந்தால் பெட்டி சரியில்லை. சுசீலாவின் குரலில் "ச", "ஸ" எழுத்துகள் ஊசி போலக் குத்தினாலும் சரியில்லை. "ழ"வும் "ள"வும் தனித்தனியே விழ வேண்டும்.

இந்தப் பழைய பாடல்களில் இன்னொரு வசதி. அவை பெரும்பாலும் ஒரே தடத்தில் பதிவானவை. இரண்டு ஸ்பீக்கருக்கும் நடுவில் உட்கார்ந்தால் பாடகர் நட்ட நடுவில் நிற்பது போலக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் இழுத்தால் ஜோடிப் பொருத்தம் சரியில்லை என்று அர்த்தம்.

ஆனால் பழைய பாடல்களில் கனத்த ஒலி குறைவு. அதைச் சோதிக்க மிருதங்கம் போடலாம். வலந்தலை கணீரென்றும் தொப்பி "தொம்" என்றும் இரண்டாக வர வேண்டும். தொப்பியின் ஒலி நின்ற பிறகும் பெட்டி "ம்ம்ம்" என்று முனகக் கூடாது. இளையராஜாவின் பாடல்களில் கீழே தனியாக ஓடும் பேஸ் கிடாரும் நல்ல உரைகல். அது ஒவ்வொரு சுரமாக நடந்து போகும். அந்த நடை தெரிய வேண்டும். எல்லாச் சுரமும் ஒரே "டும் டும்" ஆகக் கேட்டால் அந்தப் பெட்டி வேண்டாம்.

முதல் ஐந்து நிமிடத்தில் அசத்தும் பெட்டியிடம் எச்சரிக்கையாக இருங்கள்! பட்டாசு போல வெடிக்கும் ஒலி கடையில் பிடிக்கும்; வீட்டில் தலை வலிக்கும். அரை மணி நேரம் கேளுங்கள். செய்தி வாசிப்பையும் கொஞ்சம் போட்டுப் பாருங்கள். சலிப்போ எரிச்சலோ இல்லாமல் கேட்க முடிந்தால் அதுதான் வீட்டுப் பெட்டி.

பெரியவர்களையும் பிள்ளைகளையும் கூடவே அழைத்துப் போவது நல்லது. வயது ஏற ஏற மிகக் கூரிய ஒலிகள் காதில் விழுவது குறையும். தாத்தாவுக்குத் தெரியாத கீச்சு பேத்திக்குத் தெரியும். அவள் முகம் சுளித்தால் கவனியுங்கள்.

கனத்த ஒலியில் மட்டும் பேராசை கூடாது. ஊஃபர் ஐந்து அங்குலம் முதல் ஆறரை அங்குலம் வரை இருந்தால் சாதாரண அறைக்குப் போதும். நெஞ்சு அதிரக் கேட்க வேண்டுமென்றால் அது கல்யாண வீட்டு மைக் செட் வேலை. இங்கிலாந்தில் பி.பி.சி. வானொலி நிலையத்தார் 1970-களில் ஒரு சின்ன ஸ்பீக்கர் செய்தார்கள். உயரம் ஓர் அடிதான். வெளியூர் ஒலிபரப்பு வண்டிக்குள் வைத்து, குரல் சரியாகப் பதிவாகிறதா என்று கேட்பதற்காக. அதிலும் அடி ஆழத்து ஒலி கிடையாது. ஆனால் மனிதக் குரலில் அது உண்மை பேசியது. அதற்காகவே இன்றும் அதைத் தேடிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆம்ப்ளிஃபயர் உள்ளேயா, வெளியேயா?

சில பெட்டிகளுக்குத் தனி ஆம்ப்ளிஃபயர் வேண்டும். சிலவற்றில் அது உள்ளேயே இருக்கும், கைபேசியையும் டி.வி.யையும் நேராக இணைத்துவிடலாம். வீட்டில் ஏற்கெனவே ஆம்ப்ளிஃபயர் இல்லை என்றால் இரண்டாவது வகையே சிக்கனம். 10,000 ரூபாயை ஒட்டிய விலையிலும் கேட்கத் தகுந்த ஜோடிகள் கிடைக்கின்றன. தனி ஆம்ப்ளிஃபயர் வகையில் ஒரு லாபம்: ஒன்று கெட்டால் ஒன்றை மட்டும் மாற்றலாம்.

கம்பிக்குக் காசைக் கரியாக்க வேண்டாம். பத்துப் பதினைந்து அடிக்கு மின்சாரச் சாமான் கடையில் கிடைக்கும் சாதாரண இரட்டைச் செம்புக் கம்பியே போதும்.

ஜமக்காளம் செய்யும் வேலை

பெட்டி வீட்டுக்கு வந்துவிட்டது. பாதி வேலைதான் முடிந்தது. வைக்கும் இடத்தில்தான் மீதி இருக்கிறது. அதே பெட்டி ஓர் இடத்தில் அழும். இன்னோர் இடத்தில் பாடும். இதற்கு ஒரு காசு செலவில்லை.

மூலையில் வைத்தால் கனத்த ஒலி பெருகி "கும் கும்" என்று இரைச்சலாகும். இரண்டு சுவரும் தரையும் சேர்ந்து அதைத் திருப்பி அனுப்புவதே காரணம். மூலையை விட்டு நகர்த்துங்கள். பின்னால் ஓட்டை இருந்தால் சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே அரை அடியாவது விடுங்கள். இடமே இல்லையா? ஒரு பழைய காலுறையைச் சுருட்டி ஓட்டையில் செருகிப் பாருங்கள். இரைச்சல் அடங்கும். சிரிக்க வேண்டாம், சில கம்பெனிகள் இதற்காகவே பஞ்சு அடைப்பானைப் பெட்டியோடு தருகின்றன!

இரண்டு பெட்டியும் நீங்களும் சேர்ந்து முக்கோணமாக அமைய வேண்டும். பெட்டிகளுக்கு இடையே ஆறடி என்றால் நீங்களும் ஏறக்குறைய ஆறடி தள்ளி உட்காருங்கள்.

ட்வீட்டர் காதுக்கு நேராக இருக்க வேண்டும். இதை நம் வீடுகளில் பலர் மறந்துவிடுகிறார்கள். பீரோவின் உச்சியில் பெட்டியை ஏற்றிவிடுகிறார்கள். குடும்பமோ கீழே பாய் விரித்து உட்கார்ந்திருக்கிறது. பாட்டு மின்விசிறிக்குத்தான் போய்ச் சேரும். தரையில் உட்காரும் வீடு என்றால் பெட்டியைத் தாழ்வாக வையுங்கள். முடியாவிட்டால், பின்பக்கத்துக்கு ஒரு கட்டை கொடுத்து முகத்தைக் கீழ் நோக்கிச் சாயுங்கள். பெட்டி வழுக்காமல் அடியில் ரப்பர் வையுங்கள்.

அலமாரியில் வைப்பதானால், உள்ளே தள்ளாமல் விளிம்பு வரை முன்னால் இழுத்து வையுங்கள். பக்கத்தில் உள்ள காலி இடத்தைப் புத்தகங்களால் நிரப்புங்கள். பித்தளைச் சாமான், கண்ணாடி பொம்மை இருந்தால் எடுத்துவிடுங்கள். அவையும் கூடவே பாடத் தொடங்கும்!

அறை நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டுங்கள். "டங்ங்" என்று எதிரொலித்தால் அதுதான் உங்கள் எதிரி. கான்கிரீட் கூரை, வெற்றுச் சுவர், டைல்ஸ் தரை எல்லாம் ஒலியைப் பந்து போலத் திருப்பி அடிக்கும். எவ்வளவு விலை உயர்ந்த ஸ்பீக்கரும் அங்கே தோற்றுவிடும். தரையில் ஒரு பவானி ஜமக்காளத்தை விரியுங்கள். ஜன்னலுக்குக் கனத்த திரை போடுங்கள். மெத்தை, தலையணை, புத்தகம் எல்லாம் உதவும். பாட்டின் சொற்கள் பளிச்சென்று தெளியும். ஸ்பீக்கரை மாற்றலாம் என்று யோசிக்கும் முன் ஜமக்காளத்தை விரித்துப் பாருங்கள்.

தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் ஸ்பீக்கரின் முன் துணியைக் கழற்றவே கூடாது. ட்வீட்டரின் பொத்தானைப் பார்த்தால் சின்ன விரல் சும்மா இருக்காது. ஒரு குத்து; ட்வீட்டர் குழிந்துவிடும்.

பழைய சாமான் வாங்கலாமா?

வாங்கலாம். சென்னை ரிச்சி தெரு போன்ற கடைவீதிகளிலும், தெரிந்தவர் மூலமாகவும் நல்ல பெட்டிகள் பாதி விலைக்கு வருவதுண்டு. காந்தமும் மரமும் நீண்ட காலம் உழைக்கும்.

கெடுவது கூம்பின் விளிம்பு. அது ரப்பரா, ஸ்பாஞ்சு போன்ற நுரைப் பொருளா என்று பாருங்கள். நுரை விளிம்பு வெப்பத்திலும் ஈரத்திலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் பொடிப்பொடியாக உதிரும். முன் துணியைக் கழற்றி விரலால் மெல்லத் தொட்டாலே தெரியும். ரப்பர் அதைவிட நெடுநாள் தாங்கும். விளிம்பு மட்டும் போன பெட்டியை ஒதுக்க வேண்டியதில்லை. புது விளிம்பு ஒட்டிக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். அந்தக் கூலியை விலையில் கழித்துக் கேளுங்கள்.

பிறகு கூம்பின் இரு பக்கத்தையும் விரல்களால் சமமாக, மெதுவாக உள்ளே அழுத்துங்கள். வழுக்கிக்கொண்டு போய் வர வேண்டும். "கர கர" என்று உரசினால் சுருள் கெட்டிருக்கிறது. அந்தப் பெட்டியை வைத்துவிட்டு நடையைக் கட்டுங்கள். ட்வீட்டரை இப்படித் தொட்டுப் பார்க்கக் கூடாது. ஒவ்வொரு பெட்டியாகப் பாட்டுப் போட்டு, காதை அருகில் கொண்டுபோய் இரண்டு ட்வீட்டரும் பேசுகின்றனவா என்று கேளுங்கள்.

சிவப்பும் கறுப்பும்

கடைசியாக ஒரு சின்ன வேலை. பெரிய பெரிய பெட்டிகளைக்கூடக் கெடுத்துவிடும் தவறு இதில்தான் நடக்கிறது.

பெட்டியின் பின்னால் சிவப்பு, கறுப்பு என்று இரண்டு திருகாணிகள். ஆம்ப்ளிஃபயரிலும் அப்படியே. சிவப்புக்குச் சிவப்பு, கறுப்புக்குக் கறுப்பு என்று இரண்டு பெட்டிக்கும் ஒரே மாதிரி இணைக்க வேண்டும். ஒரு பெட்டியில் மட்டும் மாறிப்போனால் என்ன ஆகும்? பாட்டு நிற்காது. அதனால் யாருக்கும் சந்தேகம் வராது. ஆனால் ஒரு கூம்பு காற்றைத் தள்ளும்போது மற்றொன்று இழுக்கும். கனத்த ஒலி இரண்டுக்கும் நடுவே செத்துப்போகும். பாடகரின் குரல் எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. அறை முழுக்கச் சிதறிக் கிடக்கும்.

சந்தேகம் இருந்தால், இரண்டு பெட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு பழைய பாட்டைப் போடுங்கள். ஆம்ப்ளிஃபயரை நிறுத்திவிட்டு, ஒரு பெட்டியில் மட்டும் கம்பிகளை மாற்றிப் போடுங்கள். மறுபடி அதே பாட்டு. எந்த இணைப்பில் மிருதங்கம் கனத்து, குரல் நடுவில் வந்து நிற்கிறதோ, அதுவே சரியான இணைப்பு. அப்படியே திருகாணியை இறுக்கிவிடுங்கள்.